எல்லையில் இருந்த என் கணவர்

"அப்பா நம்பர் குடுங்க மேடம், ஒரு வார்த்தை பேசிக்கிடுதோம்" என்று ராஜபாளையத்தில் ஒரு லாட்ஜ் வரவேற்பில் இருந்தவர் என்னிடம் கேட்டபோது எனக்கு வயது நாற்பத்தி மூன்று. அப்பா இறந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. அதைச் சொன்னேன். அவர் வருத்தப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அப்ப அண்ணன், தம்பி யாராச்சும்?" என்றார்.

மாலை நாலு மணி. போனில் அறை பதிவு செய்திருந்தேன், உறுதி செய்த செய்தியும் வந்திருந்தது. அதைக் காட்டினேன். ஆதார் அட்டையைக் காட்டினேன். கம்பெனி அடையாள அட்டையையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். மூன்றையும் மாறி மாறிப் பார்த்தவர், கூட யாரும் வரவில்லையா என்று என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை என்றதும்தான் அப்பா நம்பர் கேட்டது. அண்ணன் தம்பியும் இல்லை என்று தெரிந்த பிறகு, தனியாக வருகிற லேடீஸுக்கு அறை தருவதில்லை, ஓனர் உத்தரவு, எல்லாம் உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்றார்.

நான் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே மூன்று ஆண்கள் வந்தார்கள். ஒருவர் மட்டும் ஆதாரை நீட்டினார். மற்ற இருவரும் யார் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டே நிமிடத்தில் சாவியை வாங்கிக்கொண்டு படியேறிப் போய்விட்டார்கள். யாரிடமிருந்து எனக்குப் பாதுகாப்பு என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. நடிப்பெல்லாம் இல்லை, நிஜமாகவே விளங்கவில்லை. அது என்னை இன்னும் எரியவைத்தது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நூற்பாலைகளில் லேப் என்று ஒன்று இருக்கும். ஓடி வருகிற நூல் எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று அங்கே ஒரு மெஷின் சோதித்துச் சொல்லும். அந்த மெஷின்களைப் பழுது பார்ப்பதும், அவை சரியாகத்தான் அளக்கின்றனவா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பதும் என் வேலை. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், இருப்பது கோயம்புத்தூரில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பின்னால் கதை எதுவும் கிடையாது. வேலை, அம்மாவின் வைத்தியம், மறுபடி வேலை என்று வருடங்கள் ஓடின. எனக்கு அது குறையாகத் தோன்றியதும் இல்லை.

அந்த வருடம்தான் ராஜபாளையம் பகுதி முதல் தடவையாக என் பொறுப்பில் வந்தது. எனக்கு முன் வந்துகொண்டிருந்த ஆண் இன்ஜினியர்கள் எல்லாம் மில்லின் சொந்த கெஸ்ட் ஹவுஸில்தான் தங்குவார்கள். ஏசி, சாப்பாடு, காலையில் அழைத்துப்போக ஜீப். லாட்ஜிலிருந்து நேராக மில்லுக்குப் போய் மேனேஜரைப் பார்த்தேன். மிகவும் மரியாதையாகப் பேசினார். காபி வரவழைத்தார். கெஸ்ட் ஹவுஸில் ஜென்ட்ஸ் மட்டும்தான் தங்குவார்கள், சமையல்காரரும் ஆண், உங்களுக்குத்தான் சங்கடம் என்றார். எனக்குச் சங்கடம் இல்லை என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே காபி ஆறிவிடும் என்றார். அந்த மில்லில் மூன்று ஷிப்டிலும் சேர்ந்து வேலை பார்த்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். இரவு ஷிப்டுக்குப் பெண்கள் வரலாம், கெஸ்ட் ஹவுஸ் கட்டிலில் ஒரு பெண் படுக்கக் கூடாது.

எனக்கு வழி செய்து கொடுத்தவர் மில் லேப்பின் இன்சார்ஜ். மம்சாபுரத்துப் பெண், முப்பது வயதிருக்கும். நான் மெஷின் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, கோபத்தில் எந்த ஸ்குரூ எங்கே வைத்தேன் என்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் கோயிலுக்குப் போகிற வழியில், தன் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த ஒரு குடும்பம் வீட்டு மாடியில் மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறது, கேட்டுப் பார்க்கிறேன் என்று வெளியே போய்ப் போன் பேசினார். கால் மணி நேரம் கழித்து வந்து, வரச் சொல்லிட்டாங்க என்றார். அந்தக் கால் மணி நேரத்தில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். அவர் ஓய்வுபெற்ற வாத்தியார், எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு அறுபது இருக்கும். பிள்ளைகள் வெளியூரில். வாத்தியாரை எல்லோரையும் போல நானும் சார் என்று கூப்பிட்டேன். அந்த அம்மாவை முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டுவிட்டேன். கெஸ்ட் ஹவுஸ் என்று வெளியே போர்டு இருந்ததே ஒழிய, அதை நடத்தியது முழுக்க அக்காதான். விரிப்பு துவைப்பது, மோட்டார் போடுவது, போனில் வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது, இட்லிக்கு ஆட்டுவது எல்லாம் அவர். சார் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார், வருகிறவர்களிடம் ஊர் விசாரிப்பார்.

முதல் நாள் என் பையைக் கீழே வைத்ததும் அக்கா கேட்டது ஒரே கேள்விதான். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பணும்? ஆறரைக்கு என்றேன். ஆறேகாலுக்கு இட்லி மேஜையில் இருந்தது, பக்கத்தில் மதியத்துக்கு ஒரு டிபன் பாக்ஸும். நான் கேட்கவே இல்லை. அன்று பஸ்ஸில் ராஜபாளையம் போகிற வழியெல்லாம், என்னை ஒரு கேள்வியும் கேட்காமல் சோறு கட்டிக் கொடுத்த ஒரு வீடு இந்த நாட்டில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அங்கேதான் தங்கினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நாலு நாள், சில சமயம் ஐந்து நாள். மூலை அறை எனக்கு என்று ஆகிவிட்டது. அந்த ஜன்னலில் மலை தெரியும். மழை இறங்கினால் முதலில் அந்த ஜன்னலுக்குத்தான் தெரியும். ஒரு செருப்பையும் இரண்டு நைட்டியையும் அங்கேயே விட்டுவிட்டு வருகிற அளவுக்கு உரிமை வந்துவிட்டது. சாரும் என்னிடம் நன்றாக நடந்துகொண்டார். நான் வாசலில் வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பார். படித்து முடித்த பேப்பரை மடித்து மாடிக்குக் கொடுத்தனுப்புவார். ஒருமுறை தண்ணீர் வராத நாளில், மேடத்துக்கு முதல்ல ரெண்டு வாளி ஏத்திக் குடு என்று அவர் அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. என் வேலைக்குக் கிடைக்கிற மரியாதை என்று நான் அதை எடுத்துக்கொண்டேன். இயந்திரம் தெரிந்த பெண் என்று மதிக்கிறார், படித்தவர் இல்லையா என்று அம்மாவிடம் போனில் பெருமையாகச் சொல்லக்கூடச் செய்தேன்.

இரண்டாவது வருடக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. அன்று மில்லில் எனக்கு வேலை மதியத்துக்கு மேல்தான். காலையில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா அவர்கள் மாடியில் மிளகாய் பரப்பிக்கொண்டிருந்தார். கைப்பிடிச் சுவர் ஓரம் வந்து என்னிடம் நலம் விசாரித்தார். பிறகு, அண்ணனுக்கு லீவு எப்ப என்று கேட்டார்.

எனக்கு அண்ணன் இல்லையே என்றேன்.

அவர் சிரித்தார். "உங்க வீட்டுக்காரரத்தான் கேக்கேன். லடாக்குல இப்ப ஐஸா கெடக்குமாம்லா. போன வெள்ளிக்கிழமகூட வீட்டு ஜெபத்துல அவியளுக்காக ஜெபிச்சோம். சாரு கண்ணீர் விட்டுல்லா ஜெபிச்சாவ."

கையிலிருந்த துப்பட்டாவைப் பிழிந்தது பிழிந்தபடி நின்றேன். எனக்கு ஒரு கணவர் இருக்கிறார், பட்டாளத்தில் இருக்கிறார், லடாக்கில் குளிரில் நிற்கிறார், அவருக்காக ஒரு தெருவே முழங்கால் போட்டிருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

வாளியை அங்கேயே போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். அக்கா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என் கணவர் எந்த ரெஜிமென்ட் என்று கேட்டேன்.

அவர் தலை நிமிரவில்லை. கத்தியைக் கீழே வைத்தார். முதலில் அடுப்படிக் கதவைச் சாத்தினார். சார் வாசலில் இருந்தார்.

அப்புறம் சொன்னார். லேப் இன்சார்ஜ் போன் செய்த அந்த முதல் நாள், சார் முடியாது என்று சொல்லிவிட்டாராம். தனியாக வருகிற பொம்பளைக்கு ரூம் கொடுத்தால் தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், சபையில் நமக்கு ஒரு பெயர் இருக்கிறது என்றாராம். போனைக் கையில் வைத்துக்கொண்டே அக்கா யோசித்திருக்கிறார். மில்லில் வேலை, துணைக்கு ஆள் இல்லை, சாயங்காலம் ஆகிவிட்டது, அந்தப் பிள்ளை எங்கே போகும்? அவருடைய தம்பி பட்டாளத்தில் இருந்தவர். அந்த நினைப்பில், பட்டாளத்துக்காரர் சம்சாரமாம், அவர் எல்லையில இருக்கதுனால தனியா அலையுதாவளாம் என்று வாயில் வந்துவிட்டதாம். உடனே சார், அப்படியா, அத மொதல்லயே சொல்லக்கூடாதா, வரச் சொல்லு என்றாராம்.

"ஒரே நிமிசந்தான் தங்கச்சி. கதவு தொறந்துட்டு. அதுக்குப் பொறவு எப்படி இல்லன்னு சொல்ல? அவிய சபையில எல்லாத்துட்டயும் சொல்லிட்டாவ."

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. பொய்யை ஒருவேளை பொறுத்திருப்பேன். அந்த இரண்டு வாளித் தண்ணீரை என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பேப்பர், அவர் நாற்காலியிலிருந்து எழுந்தது எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. எதுவும் எனக்குச் செய்தது இல்லை. இருபது வருடமாக மெஷின் எண்ணெய் படிந்த கையோடு ஊர் ஊராக அலைந்து, ஒவ்வொரு மில்லிலும் "இந்தம்மாவுக்கா தெரியும்?" என்ற பார்வையைத் தாண்டி நான் சம்பாதித்த மதிப்பு ஒரு வாசல்படி ஏறவும் போதவில்லை. இல்லாத ஒருவன் வந்து, கையெழுத்துகூடப் போடாமல், எனக்கு அறை வாங்கிக் கொடுத்திருக்கிறான். அவனுக்கு ஊர் ஜெபம் வேறு.

இதையெல்லாம் அக்காவிடம்தான் கொட்டினேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவருக்கும் கோபம் வந்தது.

"நீங்க நாலு நாளு இருந்துட்டுப் போயிருவிய. நான் இங்ஙனயே கெடக்கணும். அவியகிட்ட உங்க நியாயத்த எல்லாம் பேசி, நான் ஒரு ரூம வாங்கிக் குடுத்துற முடியும்னா நெனைக்கிய? எனக்கு முடிஞ்சது ஒரு பொய்யி. அதச் செஞ்சேன்."

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அது அன்றைக்கு எனக்குக் கேட்கவில்லை. நேராக வாசலுக்குப் போய் சாரிடம் சொல்லிவிட்டேன். எனக்குக் கணவர் இல்லை, எப்போதும் இருந்ததில்லை, லடாக்கில் யாரும் இல்லை. வழக்கம்போல என்னைப் பார்த்ததும் எழுந்தவர், பாதி எழுந்த நிலையில் அப்படியே நின்றார். பிறகு உட்கார்ந்துகொண்டார்.

"எங்கிட்ட பொய் சொல்லிட்டாளே. ஆண்டவர் சந்நிதியில என்னைய பொய்யாட்டு முழங்கால் போட வச்சிட்டாளே" என்றார். குரல் நடுங்கியது. எனக்கு அவரைப் பார்க்க ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. அடுத்த கணமே இல்லை. அவருடைய வருத்தத்தில் நான் எங்குமே இருக்கவில்லை. தனக்கும் தன் மனைவிக்கும் ஆண்டவருக்கும் நடுவில் நடந்த ஒரு குற்றமாகத்தான் அவர் அதைப் பார்த்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் அறை கொடுத்திருப்பீர்களா என்று கேட்டேன். மேடம், நாளைக்குக் காலையில காலி பண்ணிக்கிடுங்க என்றார். மேடம் என்ற மரியாதை மட்டும் குறையவில்லை.

மறுநாள் வரைக்கும் நான் காத்திருக்கவில்லை. அரை மணி நேரத்தில் செருப்பு, நைட்டி எல்லாவற்றையும் பையில் திணித்தேன். அக்கா கேட் வரைக்கும் வந்தார். கையில் டிபன் பாக்ஸ் இருந்தது. அன்றைக்குத் தகராறுக்கு நடுவிலும் சோறு கட்டியிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. அன்று நான் செய்தவற்றில் அது ஒன்றுதான் அசிங்கமான காரியம். என்னை விரட்டியவரை மரியாதையாகக் கேள்வி கேட்டுவிட்டு, எனக்கு இடம் கொடுத்தவரின் கையைத் தட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

அதன் பிறகு மதுரையில், ஒரு பெண்கள் விடுதியில் தங்கி ராஜபாளையத்துக்குப் போய் வந்தேன். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. விடுதியின் கேட் சாத்துவதற்குள் திரும்ப வேண்டும் என்பதால் மில்லிலிருந்து நாலு மணிக்கே கிளம்ப வேண்டியிருந்தது. நாலு நாள் வேலை ஆறு நாள் ஆனது. மில் மேனேஜர், அதே காபி மேனேஜர், மேடம் சீக்கிரம் போய்விடுகிறார் என்று என் கம்பெனிக்கு மெயில் போட்டார். நான் பொறுக்கமாட்டாமல் என் ஆபீசுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். தங்க இடம் கொடுக்காத மில், வேலை முடியவில்லை என்று குறை சொல்ல முடியாது, ஆண்களுக்குத் திறக்கிற அறையை எனக்கும் திறக்கச் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. உங்கள் சிரமம் புரிகிறது, ராஜபாளையம் பகுதிக்கு வேறு ஒருவரை அனுப்ப ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்டிருந்தார்கள். வேறு ஒருவர் என்றால் யார் என்று கேட்க வேண்டியதில்லை. நான் கேட்டது ஓர் அறை. அவர்கள் எடுத்துக்கொள்ளப் பார்த்தது என் வேலையை. அந்தப் பதிலில் புரிகிறது என்ற வார்த்தை மூன்று இடத்தில் இருந்தது. நான் யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை. பஸ்ஸிலேயே போய் வந்தேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு மதியம் அக்கா போன் செய்தார். நன்றாக இருக்கிறீர்களா, அம்மா உடம்பு எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு, மூலை அறை காலியாகத்தான் கிடக்கிறது என்றார். சார் சம்மதித்தாரா என்று கேட்டேன். அவியதான் ஒரு யோசனை சொல்லுதாவ என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். தெருவில் யாருக்கும் இன்னும் விஷயம் தெரியாது. எனக்குக் கணவரே இல்லை என்று இப்போது சொன்னால் சபையில் சாருக்குத் தலைகுனிவு. அதனால், அவர் எல்லையில் இறந்துவிட்டார் என்று சொல்லிவிடலாமாம். அதன் பிறகு நான் தாராளமாக வந்து தங்கலாமாம். எல்லோரும் இன்னும் மரியாதையாக நடத்துவார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது, அவ்வளவு ஆத்திரம். பொய் சொல்லி முழங்கால் போட வைத்துவிட்டாளே என்று குரல் நடுங்கியவர் சொன்ன யோசனை இது. உயிரோடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு ஆம்பளை வேண்டும். பிறந்தே இராத ஒருவனுக்கு நான் விதவையாக வேண்டும். முடியாது என்றேன். மதுரைக்கும் ராஜபாளையத்துக்கும் நான் சாகிற வரை பஸ்ஸில் போகிறேன், அந்தக் கதைக்குள் வர மாட்டேன் என்றேன்.

"அப்ப என்ன சொல்லணுங்கிய?" என்று கேட்டார் அக்கா.

"என்னைப் பத்தி நீங்க யாருக்கும் எதுவும் சொல்லவே வேண்டாம்க்கா."

"அது இந்தத் தெருவுல முடியாது தங்கச்சி" என்றார். போனை வைத்துவிட்டார்.

அடுத்து நடந்ததை எனக்குச் சொன்னது லேப் இன்சார்ஜ். அந்த வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் அக்கா வீட்டில்தான் நடந்திருக்கிறது. முப்பது, நாற்பது பேர் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்து, ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை எழுந்து சாட்சியாகச் சொல்கிறவர்கள் சொல்லலாம் என்று ஜெபத்தை நடத்திய உபதேசியார் சொன்னதும், அதுவரை ஒருநாளும் வாய் திறக்காத அக்கா எழுந்து நின்றாராம். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பார்த்துப் பேசினாராம்.

மாடியில் தங்க வருகிற பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பட்டாளத்துக்காரர் என்று யாரும் கிடையாது, தான்தான் பொய் சொன்னேன் என்றார். அவள் மில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவள், தனியாக வருவாள், தனியாகப் போவாள், இந்த வீட்டில் ஒரு தப்பும் நடந்ததில்லை என்றார். ஹாலில் யாரோ சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா, எங்க எல்லாரையும் முட்டாளாக்கிட்டியே என்று சத்தம் போட்டார். சபை மூப்பர் ஒருவர், பொய் சொன்னதற்கும், சபைக்குத் தெரியாமல் அப்படி ஒருத்தியை வீட்டில் வைத்ததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டு ஜெபித்துக்கொள்ளுங்கள் அம்மா என்று இதமாகத்தான் சொன்னாராம்.

அதற்கு அக்கா சொன்ன பதிலை லேப் இன்சார்ஜ் என்னிடம் அப்படியே சொல்லிக் காட்டினார். "பொய்யிக்கு மன்னிப்புக் கேக்கேன். ரூம் குடுத்ததுக்குக் கேக்க மாட்டேன். இன்னமும் குடுப்பேன்."

சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குக் காபி போட அடுப்படிக்குப் போய்விட்டாராம். சார் ஜெபம் முடிகிற வரைக்கும் வாசலில் இருட்டுக்குள்ளேயே நின்றிருந்தாராம். பத்துப் பேருக்கு மேல் காபி குடிக்காமல் எழுந்து போனார்கள்.

அடுத்த முறை நான் போனேன். முன்கூட்டிப் போன் செய்யவில்லை. பையோடு கேட்டைத் திறந்தபோது சார் வாசலில்தான் இருந்தார். எழுந்திருக்கவில்லை. பேப்பரைக் கொஞ்சம் தாழ்த்தி, அவ உள்ள இருக்கா என்று மட்டும் சொன்னார். அக்கா என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடிக்கவோ அழவோ இல்லை. நான் அன்றைக்குச் சோற்றை வாங்காமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டேன். ஆமா, அன்னைக்குப் புளியோதரை, அவிய கோவத்துல சாப்பிடல, நான் ஒருத்தியே ரெண்டு நேரமும் அதத்தான் தின்னேன் என்றார். பிறகு, காலையில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

இப்போதும் அங்கேதான் தங்குகிறேன். பேப்பர் மாடிக்கு வருவதில்லை. தண்ணீர் வராத நாளில் நானே படியேறி வாளி சுமக்கிறேன். சார் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனக்கு இது போதும், இப்போது கிடைக்கிறது எவ்வளவாக இருந்தாலும் எனக்குக் கிடைக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா மாடியில் என்னைக் கண்டால் மிளகாயை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடுவார். வெள்ளிக்கிழமை ஜெபம் இப்போது அக்கா வீட்டில் நடப்பதில்லை. அக்கா மற்ற வீடுகளுக்குப் போகிறார், பின்வரிசையில் உட்கார்கிறார், ஜெபம் முடிந்ததும் யாரும் பேச்சுக் கொடுக்கும் முன்னே எழுந்து வந்துவிடுகிறார்.

கோயம்புத்தூரில் இந்தக் கதையைக் கேட்ட தோழிகள் எல்லோரும், நல்லபடியாக முடிந்ததே என்றார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. என் பதிவை வாங்கி வைத்துக்கொண்டு அறை மறுத்த லாட்ஜ் ஓனர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. மில் கெஸ்ட் ஹவுஸ் இன்றைக்கும் எனக்குப் பூட்டித்தான் இருக்கிறது. என் கம்பெனிக்கு இன்னும் எல்லாம் புரிகிறது. ஒரு வயதான பெண், தன் வீட்டு ஹாலில், தெரிந்த நாற்பது முகங்களுக்கு நடுவில் எழுந்து நின்று, சுவரைப் பார்த்துக் குற்றவாளி மாதிரிப் பேசினால்தான் நான் ஒரு கட்டிலில் படுக்க முடிகிறது. படுக்கிறேன். அவருக்காக அந்த அறையை விட்டுக் கொடுக்கவும் மாட்டேன்.

போன மாதம் அக்காவுக்கு ஒரு போன் வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். ஏதோ பரீட்சை எழுத வருகிற பெண், இரண்டு நாள் தங்கணும், தனியாக வருகிறாள். அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமலே, வாசலில் சாருக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாக, "ஒத்தையிலதான வாரீய? வாங்கம்மா, ரூம் இருக்கு" என்றார். வாசலில் பேப்பர் புரளும் சத்தம் நின்றது. மறுபடி புரண்டது.